அல்லி ராஜ்யம் என்றால் கேலியா?



வீட்டில் ஒரு பெண் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசினால் போதும், "இங்க என்ன அல்லி ராஜ்யமா நடக்குது?" என்று கேட்டு விடுவார்கள். சுயஉதவிக் குழுவில் நாலு பேர் சேர்ந்து கணக்குக் கேட்டால், "அல்லி தர்பார் ஆரம்பிச்சிருச்சு" என்பார்கள். மருமகள் தன் சம்பளத்தைத் தன் பேரிலேயே பாங்கில் போட்டால், "அல்லி ராணியைக் கட்டிக்கிட்டு வந்துட்டான்" என்று மகனுக்கு அனுதாபம். சொல்கிறவர்களுக்கும் தெரியாது, கேட்டுத் தலைகுனிகிற நம்மில் பாதிப் பேருக்கும் தெரியாது, அந்த அல்லி யாரென்று. தெரிந்தால் தலை குனிய மாட்டோம்.

அல்லி அரசாணி மாலை என்று ஒரு கதைப்பாட்டு உண்டு. புகழேந்திப் புலவர் பெயரில், பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றது. அல்லிப் பூவில் கிடைத்த குழந்தையைப் பாண்டிய ராஜா எடுத்து வளர்க்கிறார். ராஜ்யத்தை நீன்முகன் என்பவன் பிடுங்கி வைத்திருக்கிறான். வளர்ந்து பெரியவளான அல்லி படை திரட்டிப் போய் அவனைக் கொன்று மதுரையை மீட்கிறாள். சிம்மாசனம் ஏறுகிறாள். மந்திரி பெண், காவல் பெண், படை பெண். மழை பெய்கிறது, விளைகிறது, ஜனங்கள் நன்றாக இருக்கிறார்கள். இதுதான் அசல் அல்லி ராஜ்யம். இதில் கேலி பண்ண என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!

கதையின் மறுபாதியில்தான் வம்பு. தீர்த்த யாத்திரை வந்த அர்ச்சுனன் அவளுக்கு ஆசைப்படுகிறான். அவள் மாட்டேன் என்கிறாள். அவன் விடவில்லை. கிருஷ்ணன் துணையோடு பாம்பாக உருமாறி அந்தப்புரத்துக்குள் நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டி விடுகிறான். விழித்தவள் வாளை எடுக்கிறாள். ஆனால் கதை அவளைக் கடைசியில் அர்ச்சுனனின் மனைவியாக்கித்தான் ஓய்கிறது. பிறகு மகன் புலந்திரன் விளையாடப் பவளத்தேர் கேட்க, பவளம் கொண்டுவரப் போன அர்ச்சுனன் அங்கே பவளக்கொடியையும் கல்யாணம் செய்துகொள்கிறான். இந்தப் பவளக்கொடி கதை நாடகமாக ஓடி, 1934-ல் தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் நடித்துச் சினிமாவாகவும் வந்தது.

எங்கள் பக்கத்துக் கூத்துகளில் அர்ச்சுனன் தாலி கட்டுகிற கட்டத்துக்குத்தான் விசில் பறக்கும். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மாயி மட்டும், "தூங்குறவ கழுத்துல கட்டுனது தாலியா, கயிறா?" என்று முணுமுணுத்தார். அந்தக் கேள்வியை இன்றைக்கும் கேட்க வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் பஸ் ஸ்டாண்டு வரை துரத்துவதும், அவள் போட்டோவை வைத்து மிரட்டுவதும், "விடாம பின்னாடி போனா ஒத்துக்குவா" என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அந்தப் பாம்பு வேலைதான். நாம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது வீரம் எது, திருட்டுத்தனம் எது என்று பிரித்துச் சொல்ல வேண்டாமா?

"அதெல்லாம் கதைதானே, சரித்திரமா?" என்று சிலர் கேட்பார்கள். கதைதான், ஒப்புக்கொள்கிறேன். அல்லிக்குக் கல்வெட்டு கிடையாது. ஆனால் சுமார் 2300 வருஷத்துக்கு முன் சந்திரகுப்த மௌரியரின் சபைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், இந்தியாவில் பாண்டையா என்ற பெண் ஆண்ட நாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். அவளுக்குத் தகப்பன் கொடுத்தது 500 யானை, 4,000 குதிரைப்படை, 1,30,000 காலாட்படை என்று அவரை வைத்து எழுதிய அரியன் கணக்கே சொல்கிறார். அதுவும் கேள்விப்பட்ட கதையாக இருக்கலாம். இருந்தாலும் பாண்டிய நாடு என்றால் பெண் ஆட்சி ஞாபகத்துக்கு வந்திருக்கிறதே! மதுரையில் இன்றைக்கும் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் செய்து செங்கோல் கொடுக்கிறார்கள். ஆவணியில் சொக்கநாதருக்குப் பட்டம் கட்டும்வரை அம்மன் ஆட்சிதான். கடல் தாண்டி, இலங்கை மன்னார் பக்கம் அரிப்பில் முத்துக்குளிப்பைக் கவனிக்க ஆங்கிலேயக் கவர்னர் நார்த் 1800-களின் ஆரம்பத்தில் கட்டிய மாளிகை இடிந்து கிடக்கிறது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் அல்லி ராணிக் கோட்டை. வெள்ளைக்காரன் கட்டியதைக்கூட அவள் பேருக்கு எழுதி வைத்த ஜனங்கள் நாம்.

அப்படியென்றால் அவள் பேர் எப்படித் திட்டாக மாறியது? எனக்குத் தோன்றுவது இது. ராணி மங்கம்மாளை எல்லோரும் மரியாதையாகத்தான் சொல்கிறோம். 1689-லிருந்து அவர் மதுரையை ஆண்டது பச்சைக்குழந்தையான பேரனுக்காக. வேலு நாச்சியாரையும் கும்பிடுகிறோம். 1772-ல் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு போராடி 1780-ல் சிவகங்கையை மீட்டவர். இருவரின் பெருமையிலும் குறையில்லை. ஆனால் பேரனுக்காக, புருஷனுக்காக என்று ஒரு காரணம் கூட வந்தால்தான் பெண் ஆள்வதை ஊர் பொறுத்துக்கொள்கிறது. அல்லி யாருக்காகவும் ஆளவில்லை. ராஜ்யம் என்னுடையது, நான் ஆளுகிறேன் என்றாள். அதுதான் உறுத்துகிறது.

இந்த உறுத்தலைப் பஞ்சாயத்து ஆபீசில் நேரிலேயே பார்க்கலாம். 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்தது. 2016-ல் அது பாதியாக உயர்ந்தது. 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. எத்தனையோ ஊரில் தலைவி தானே நின்று தெருக்குழாயும் தெருவிளக்கும் போட வைத்தார். வேறு பல ஊரில் தலைவி வீட்டில், தலைவர் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர். கூட்டத்தில் "தலைவர் வந்துட்டாருங்க" என்றால் எழுந்து வருவது அவர்தான். செக்கில் தலைவியும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எதற்குப் பணம் என்று தெரியாமலே போட்டுவிட்டு, பின்னால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியது மட்டும் அந்த அம்மா! நீன்முகன் பிடுங்கியது எதிரியாக வந்து. இங்கே நாமே சோறு போட்டு நாற்காலியையும் கொடுக்கிறோம்.

எங்கள் பனமரத்துப்பட்டி சுற்றுவட்டாரத்தில் விடியும் முன்னே அரளிக் காட்டில் இறங்கி மொட்டுப் பறிப்பது பெரும்பாலும் பெண்கள். எந்த வயலில் எத்தனை கிலோ இறங்கும், மார்க்கெட்டில் என்ன விலை என்று விரல் நுனியில் வைத்திருப்பார்கள். ஒரு காலத்தில் சேலம் டவுனுக்கே குடிதண்ணீர் கொடுத்த ஏரி எங்கள் ஏரி. அது வற்றினால் தூரத்துக் குழாய்க்குக் குடம் தூக்கிப் போகிறவளும் இவள்தான். தண்ணியும் கணக்கும் இவளுக்குத் தெரியாத விஷயமா? தெரியாது என்று நம்ப வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே சகோதரிகளே, அடுத்து எப்போது உள்ளாட்சித் தேர்தல் வந்தாலும், நிற்கிறவர் தைரியமாக நில்லுங்கள். ஜெயித்தால் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். படித்துப் பார்க்காமல் ஒரு செக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நிற்காதவர்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக்குப் பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தலைவி பேச எழுந்தால், வேறு யாரும் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த ஒரு துணை போதும்.

அப்போதும் எவராவது, "அல்லி ராஜ்யமாங்க?" என்று கேட்பார். கோபப்பட வேண்டாம். "ஆமாங்க, கணக்குப் புஸ்தகம் மேஜை மேல இருக்குது, வந்து பாத்துக்குங்க" என்று சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, பனமரத்துப்பட்டி, சேலம் மாவட்டம்.