கதவில் ஏறி திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட்

கி.ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையில் பிள்ளைகளுக்குப் பஸ் ஒன்று இருக்கிறது. வீட்டுக் கதவுதான் பஸ். சிலர் தொற்றிக்கொண்டு நிற்பார்கள், சிலர் முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். டிக்கெட் வாங்காமல் ஏற முடியாது. திருநெல்வேலிக்கும் டிக்கெட் கேட்பார்கள். அப்பா மணிமுத்தாறில் கூலி வேலைக்குப் போனவர். அவரிடமிருந்து பணம் வந்தபாடில்லை. ஒருநாள் தீர்வை பாக்கிக்காகக் கதவைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டுக்குக் கதவு போயிற்று. பிள்ளைகளுக்குப் பஸ்ஸே போயிற்று.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பெரியவர்களிடமும் தேடும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடைக்கு மேடை ஓர் அறிவுரை சொல்கிறார்கள்: உங்களுக்குள் உறங்கும் குழந்தையைத் தட்டி எழுப்புங்கள், கனவு கைகூடும். கேட்க இனிக்கிறது. கைதட்டிவிட்டு வெளியே வந்தால் பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் அதே நெரிசல், அதே மாதத் தவணை. குழந்தையை எழுப்பி என்ன வேலை கொடுப்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

குழந்தைகளுக்குத்தான் கற்பனை அதிகம் என்ற நம்பிக்கையையே சந்தேகப்பட்டவர் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. குச்சியைக் குதிரையாக்கும் குழந்தை விளையாட்டைக் கூர்ந்து ஆராய்ந்தவர் அவர். கற்பனை அனுபவத்திலிருந்துதான் பிறக்கிறது. அனுபவம் குறைந்த குழந்தையின் கற்பனை பெரியவர்களின் கற்பனையைவிட எளியதுதான் என்று 1930இல் எழுதினார். அப்படியானால் குழந்தையிடம் கூடுதலாக இருப்பது என்ன? கூச்சமின்மை. நுங்கு வண்டி உருட்டும் பையன் அதன் மைலேஜ் பற்றிக் கவலைப்படுவதில்லை. ‘இதனால் என்ன பிரயோசனம்’ என்ற கேள்வி அவனுக்கு இன்னும் அறிமுகமாகவில்லை. சரக்கு முழுக்கப் பெரியவர்களிடம் இருக்கிறது, துணிச்சல்தான் போய்விடுகிறது.

கி.ரா.வே இதற்கு நல்ல சாட்சி. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து இடைசெவலில் விவசாயி. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ‘சரஸ்வதி’ இதழில் ‘மாயமான்’ கதை வெளியான 1958இல் அவர் முப்பதுகளின் நடுவில் இருந்தார். ஒரு சம்சாரி பேனா பிடிக்கத் தொடங்கும் வயதென்று ஊர் அதை ஒத்துக்கொள்ளாது. ஆனால், கதவைப் பஸ்ஸாக்கத் தெரிந்த பிள்ளையும், தீர்வை பாக்கிக்கு ஜப்தி வரும் வீட்டை அருகிலிருந்து பார்த்த பெரியவரும் ஒரே ஆளாக இருந்ததால்தான் ‘கதவு’ எழுத முடிந்தது. பத்து வயதில் அதை எழுதியிருக்க முடியாது. பிறகு கிழவர்களிடமும் கிழவிகளிடமும் கதை கேட்டுச் சேகரித்தார், கரிசல் வழக்குச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார், அறுபதைத் தாண்டிய வயதில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போய் உட்கார்ந்தார். 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக சாகித்திய அகாதமி விருதும் வந்தது.

கனவைத் துரத்துவதென்றால் முதல் வேலையாக ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. நெல்லைப் பக்கத்து உதாரணங்கள் அப்படிச் சொல்லவில்லை. திருநெல்வேலியின் வண்ணதாசன் ஸ்டேட் பாங்கில் வேலை பார்த்துக்கொண்டே கதைகளும், கல்யாண்ஜி என்ற பெயரில் கவிதைகளும் எழுதினார். ‘ஒரு சிறு இசை’க்கு 2016இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. கோவில்பட்டியின் உதயசங்கர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். கொடி, சிக்னல், பதிவேடு என்று நிமிடம் பிசகாமல் நடக்க வேண்டிய வேலை. அவர்தான் சிறுவர்களுக்காக எழுதிக் குவித்தார். கீழடியை மையமாகக் கொண்ட ‘ஆதனின் பொம்மை’ நாவல் 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. சம்பளம் வீட்டைப் பார்த்துக்கொண்டதால் கற்பனை சோறு போட வேண்டிய கட்டாயத்திலிருந்து தப்பித்தது என்றுகூடச் சொல்லலாம்.

குழந்தைப் பருவத்துக்குத் திரும்புவது எல்லோருக்கும் மிட்டாய்க் கடைக்குத் திரும்புவதுபோல் இருக்காது. தாமிரபரணிக் கரையின் புளியங்குளத்திலிருந்து சினிமாவுக்குப் போன மாரி செல்வராஜ், இயக்குநர் ராமிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்து, 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ எடுத்தார். தன் பால்யத்தை மையமாக வைத்து ‘வாழை’யை எடுத்தது 2024இல்தான். ரஜினியா கமலா என்று கூட்டாளியோடு சண்டை போடும் சிறுவன், டீச்சர் மேல் உயிரையே வைத்திருக்கும் சிறுவன், விடுமுறை வந்தால் வாழைத்தார் சுமக்க வேண்டுமே என்று நடுங்குகிறான். அவனுக்குப் பள்ளிக்கூடம்தான் விடுதலை. கடைசியில் வருவது பலரைப் பலி கொள்ளும் லாரி விபத்து. அந்தச் சிறுவனின் கண்ணைக் கைவிடாமல் வைத்திருந்து, அதைப் படமாக்கும் தொழிலையும் கற்றுக்கொண்ட பிறகே அந்தப் படம் சாத்தியமானது. இடைப்பட்ட வருடங்களை வீண் என்று யார் சொல்ல முடியும்?

பாளையங்கோட்டை பள்ளிக்கூடங்களின் ஊர். தூய சவேரியார், தூய யோவான், சாரா டக்கர் என்று பெயர் சொன்னாலே தென்மாவட்டத்தில் பாதி வீடுகளில் ஒருவராவது தலை நிமிர்வார். அந்தப் பெருமையின் மறுபக்கம், ‘ஏல, படிக்கிற சோலியப் பாரு’ என்ற அதட்டல். படம் வரைந்தாலும் அதட்டல், பாட்டு முணுமுணுத்தாலும் அதட்டல். வளர்ந்த பின் அதட்ட ஆள் இருப்பதில்லை. அந்த வேலையை நாமே நமக்குச் செய்துகொள்கிறோம். சேமித்த பணத்தில் பெட்டி நிறைய வண்ணம் வாங்கிய ஐம்பது வயதுக்காரர், ‘பேரனுக்கு’ என்று கடைக்காரரிடம் பொய் சொல்கிறார்.

ஆனால் இதே ஊரில்தான் நா.வானமாமலையும் இருந்தார். ஆசிரியர் வேலையை விட்டுத் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். அதாவது, இன்றைய மொழியில் டியூஷன் சென்டர்காரர். பகலில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவர், பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணும் பெறாத நாட்டுப்புறப் பாடல்களையும் கதைப்பாடல்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். பொதிகை மலையடிவாரம் இன்றும் வில்லுப்பாட்டில் பாடுகிற முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தார். 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கிப் பல துறை இளைஞர்களை ஆராய்ச்சிக்கு இழுத்தார். தனி ஆளின் ஆர்வத்துக்கு உட்கார்ந்து பேச ஓர் இடமும், கேட்க நாலு பேரும் அமைந்தபோதுதான் அது நிலைத்தது. பின்னாளில் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறையும் ஆய்வு மையமும் வந்தன.

அந்த இடமும் நாலு பேரும்தான் இப்போது குறைச்சல். பிள்ளைகளுக்குக் கோடை முகாம் உண்டு, களிமண் உண்டு, கதைசொல்லி உண்டு. நாற்பது வயதுக்காரருக்கு நடைப்பயிற்சியும் சர்க்கரைப் பரிசோதனையும்தான். பாளையில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்தில் வாரம் ஒரு மாலை பெரியவர்களுக்காக ஒதுக்கலாம்: கதை சொல்ல, வரைய, பாதியில் நிறுத்திய நாடகத்தை வாசித்துக் காட்ட. செலவு பெரிதில்லை, ஓர் அறையும் விளக்கும் போதும். முதல் வாரம் ‘சர்டிபிகேட் தருவீங்களா?’ என்று கேட்டுக்கொண்டு இரண்டு பேர் வருவார்கள். அவர்களையும் உள்ளே உட்கார வைத்துக்கொள்ளலாம்.