பாட்டி பெயர் எந்தப் பேரேட்டில்?

வம்சாவளி தேடுவது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு நினைப்பு உண்டு. மூணாறு மலையில் அது பிழைப்புப் பிரச்னை. தேயிலைத் தோட்டத்துத் தலித் குடும்பத்துப் பிள்ளை கேரளத்தில் சாதிச் சான்றுக்கு விண்ணப்பித்தால், தாசில்தார் அலுவலகம் கேட்பது பிள்ளையைப் பற்றியல்ல, தாத்தா பாட்டியைப் பற்றி. 1950 ஆகஸ்ட் 10 அன்று அவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? அதற்கு என்ன காகிதம் இருக்கிறது?

பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான நாள் அது. அதற்குப் பிறகு மாநிலம் மாறியவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை பழைய மாநிலத்தில்தான். போன இடத்துப் பட்டியலில் அதே சாதி இருந்தாலும் செல்லாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பம், திருநெல்வேலிச் சீமையில் பாட்டன் விட்டுவந்த ஊரில் போய்ச் சலுகை கேட்க வேண்டும். அங்கே வீடும் இருக்காது, இவர்களைத் தெரிந்தவர்களும் இருக்க மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் 1950இல் கேரளம் என்ற மாநிலமே இல்லை. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. செங்கோட்டையும் அங்கேதான் இருந்தது. 1956 நவம்பரில்தான் அது தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. 1948இல் செங்கோட்டையிலிருந்து கங்காணியின் பின்னால் மலையேறியவர் எந்த எல்லையையும் தாண்டவில்லை. பாலக்காட்டுக் கதையும் இதுதான். அது சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்த தாலுகா. கோயம்புத்தூரிலிருந்து வயல் வேலைக்குப் போனவர் மாவட்டம்தான் மாறினார். ஆனால் பக்கத்திலேயே சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது.

ஆகவே காகிதம் தேடுகிறவர் முதலில் பழைய வரைபடத்தைப் பார்க்க வேண்டும். இடுக்கி மாவட்டம் 1972இல் பிறந்தது; அதற்கு முன் தேவிகுளம் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தது. திருவிதாங்கூர் கோப்புகளுக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகம், கொச்சிக்கு எர்ணாகுளம், மலபாருக்குக் கோழிக்கோடு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்க வேண்டியவருக்கு இது லேசான பயணமல்ல.

நிலம் வைத்திருந்தவர்களுக்காவது பட்டா, வரி ரசீது என்று ஏதாவது கிடைக்கும். தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் கிடையாது. 1877இல் பூஞ்ஞார் அரச குடும்பத்திடமிருந்து மன்றோ துரை எழுதி வாங்கிய மலை இது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. பின்னர் டாடா கைக்குப் போய், 2005இல் தொழிலாளர்களும் பங்குதாரர்களான புதுக் கம்பெனி ஆனது. எத்தனை கை மாறினாலும் லயத்து வீடு கம்பெனியுடையது; வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். வரி கட்டாதவருக்கு ரசீது ஏது? லயத்தில் வைத்த காகிதம் எவ்வளவு பத்திரம் என்பதையும் பார்த்தாகிவிட்டது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு நான்கு லயங்களை வாரிக்கொண்டு போனது. எழுபது உயிர்கள் போன இடத்தில் காகிதத்தை யார் தேடுவது?

மிஞ்சுவது கம்பெனிப் பேரேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலயப் புத்தகம். கம்பெனி பேர் எழுதியது கூலி கணக்குக்காக. பேரன் சாதிச் சான்று வாங்குவான் என்பதற்காக அல்ல. தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததே 1951இல். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952இல். தொழிலாளியைப் பற்றி ஒழுங்காக எழுதிவைக்க நிர்ப்பந்தித்த சட்டங்களெல்லாம், சான்று கேட்கும் தேதிக்குப் பிறகுதான் வந்தன. இன்னொன்று: மற்ற இடங்களில் வம்சம் ஆண் வழியில் எழுதப்படும். கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால் இங்கே குடும்பத்தின் வேர் பல சமயம் பாட்டியின் பெயரில்தான் அகப்படும்.

இந்தக் காகிதங்களின் கனம் நாட்டுக்குத் தெரிந்தது தேவிகுளம் எம்.எல்.ஏ. வழக்கில். 2021இல் அந்தத் தனித் தொகுதியில் மார்க்சிஸ்ட் வேட்பாளர் அ. ராஜா 7,848 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவர் கிறிஸ்தவர், கேரளத்துப் பட்டியல் சாதியும் அல்ல என்று தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் வழக்குப் போட்டார். குண்டளை எஸ்டேட்டுக்கு வந்த தாத்தா பாட்டியின் கதை நீதிமன்றம் ஏறியது. தேவாலயத்தின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, கம்பெனிப் பதிவேடு எல்லாம் சாட்சிகளாயின. சில பதிவுகளில் அடித்தல் திருத்தல் வேறு. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து பதவியைக் காப்பாற்றியது. ஒரே குடும்பம், ஒரே காகிதங்கள், இரண்டு தீர்ப்புகள். எம்.எல்.ஏ.வுக்கு டெல்லி வரை போக வக்கீல்கள் இருந்தார்கள். கல்லூரி இடத்துக்காக அலையும் பிள்ளைக்கு வில்லேஜ் ஆபீஸ் வாசலே உச்ச நீதிமன்றம்.

அரசு நினைத்தால் இதைச் சுலபமாக்கலாம். தோட்டங்களில் கிடக்கும் 1950க்கு முந்தைய பேரேடுகளை ஒரே முறையாகப் பிரதி எடுத்து, தேவிகுளத்திலேயே ஒரு தொகுப்பு வைத்தால் போதும்; விண்ணப்பிப்பவரே ஆதாரம் தேடிக் கொண்டுவர வேண்டும் என்ற நிலை மாறும். கைமாறியபோது எத்தனை பேரேடு தப்பியது, எத்தனை கரையானுக்குப் போனது என்பதும் அப்போதுதான் தெரியவரும். அதற்கு முன் குடும்பத்தார் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு: வயதான பாட்டி இருந்தால், எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், எந்தக் கங்காணி, சொந்த ஊர் எது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்வது. பேரேட்டில் குமாஸ்தா ஆங்கிலத்தில் கோணல்மாணலாக எழுதிய பெயர் அவருடையதுதானா என்று அடையாளம் காட்ட வேறு ஆள் கிடையாது.