பாட்டிலில் ஏற்றித் தீராத குறை

புன்னக்காயலில் 16-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு மருத்துவமனை இருந்தது. தமிழ் அச்சு நூல்களுக்காக நாம் அறிந்த என்றீக்கே என்றீக்கசு அடிகளார், முத்துக்குளித்துறை மக்களின் உதவியோடு அதை நடத்தினார். இன்று பெரிய நோய் என்றால் அவ்வூரார் தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ போகிறார்கள். அங்கே கையில் கிடைக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஆல்புமின் என்றொரு வரி இருக்கும். அதைச் சரியாகப் படிக்க நாம் இன்னும் பழகவில்லை.

ஆல்புமின், கல்லீரல் உண்டாக்கும் புரதம். ரத்த நாளத்துக்குள் நீரைப் பிடித்துவைப்பது அதன் முக்கிய வேலை. 100 மி.லி. ரத்தநீரில் 3.5 முதல் 5 கிராம் வரை இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் கால் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட முடிவு அச்சமூட்டுவது. அறுவைக்கு முன் ஆல்புமின் 4.6-க்கு மேல் இருந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு, 2.1-க்குக் கீழே இருந்தவர்களில் 29 சதவீதம்.

இதைக் கேட்டதும், ‘குறைந்ததை ஏற்றிவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார்’ என்றுதான் எவருக்கும் தோன்றும். அதற்காக நகையை அடகு வைத்தாவது பல ஆயிரம் ரூபாய் ஆல்புமின் பாட்டிலை வாங்கத் துணிகிறோம். ஆனால், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் தீவிர சிகிச்சையில் இருந்த ஏறத்தாழ 7,000 பேரிடம் நடந்த ஆய்வு 2004-இல் சொன்னது வேறு. ஆல்புமின் ஏற்றியவர்களும் வெறும் உப்புநீர் ஏற்றியவர்களும் 28 நாளில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இறந்திருந்தார்கள். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு வயிற்று நீரை நிறைய எடுத்த பிறகு ஆல்புமின் தேவைப்படும். அதை மறுக்கக் கூடாது. சீட்டில் உள்ள எண்ணைத் திருத்துவதற்காக மட்டும் ஏற்றுவதைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

காரணம் எளிது. கிருமித்தொற்றும் அழற்சியும் முற்றும்போது கல்லீரல் ஆல்புமினைக் குறைத்து வேறு புரதங்களைச் செய்கிறது, நாளங்களும் கசிகின்றன. சிறுநீரகம் பழுதானாலும் ஆல்புமின் வெளியேறும். ஆக, அந்த எண் நோயின் கடுமையைச் சொல்கிறது, சாப்பாட்டுக் குறையை அல்ல. பட்டினியால் மெலிந்த ஒருவருக்கு ஆல்புமின் சரியாக இருப்பதும் உண்டு.

அப்படியானால் சாப்பாட்டால் பயனில்லையா? உண்டு, நாம் நினைப்பதைவிட அதிகம். சுவிட்சர்லாந்தில் எடை குறைந்து, பசி மங்கிய 2,000-க்கும் மேற்பட்ட உள்நோயாளிகளில் ஒரு பாதிக்கு அவரவர் தேவையைக் கணக்கிட்டு உணவு கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் மற்ற பாதியில் 10 சதவீதம் பேரும், கணக்கிட்ட உணவு பெற்றவர்களில் 7 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். இது 2019-இல் வெளியானது. நம் பக்கத்திலோ காய்ச்சல் என்றதுமே பத்தியம் தொடங்கிவிடுகிறது. மீன் நிற்கும், முட்டை நிற்கும். கஞ்சியும் ரொட்டியும் வரும். 100 கிராம் சாளை மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. மீன் கரையேறும் ஊரிலிருந்து வந்த நோயாளி ரொட்டியை டீயில் நனைத்துத் தின்று மெலிவது என்னால் ஏற்க முடியாத கொடுமை. சிறுநீரகம், கல்லீரல் நோயுள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு ஏன் இந்தப் பத்தியம்?

மெலிந்தவரைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வழியைத் தமிழ்நாடே காட்டியிருக்கிறது. 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ நோய் கண்டறிந்ததுமே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்க்கிறது. ஆபத்தில் இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பதில்லை.

இதே முறையை எல்லா வார்டுகளுக்கும் கொண்டுவர வேண்டும். சேர்க்கும் நாளிலேயே எடை பார்த்து, கடந்த வாரம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதுவதை அரசு கட்டாயமாக்கட்டும். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் போதுமான உணவியல் வல்லுநர்களை நியமிக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் படுத்திருந்தால், மீனும் முட்டையும் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.