பந்திக்குப் பிந்தினவைக்கு என்ன மிச்சம்?

"நீங்களே போட்டுச் சாப்பிடுங்கோ." எங்கட ஊரில் இப்ப எந்த மண்டபத்துக்குப் போனாலும் இந்த வசனம்தான். கல்யாண ரிசெப்ஷன், சாமத்திய வீடு, புத்தக வெளியீடு, துறைக் கருத்தரங்கு, சீனியர்மாரின் பிரியாவிடை என்று எல்லாவற்றிலும் ஒரு நீட்டு மேசை, வெள்ளை விரிப்பு, வரிசையாகத் தட்டுகள். வேண்டியதை வேண்டிய அளவுக்கு எடுக்கலாம், யாரும் யாருக்கும் பரிமாறத் தேவையில்லை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பல்கலைக்கழகத்தில் இந்த மேசையை ஒழுங்குபண்ணுகிற வேலை மாணவர் குழுக்களின் தலையில்தான் விழும். கடைக்கு ஓடர் கொடுப்பதிலிருந்து கடைசித் தட்டைக் கழுவி அடுக்குவது வரைக்கும் நாங்கள்தான். அப்படி மேசைக்குப் பின்பக்கம் நின்று பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகத் தெரியும். யோசிக்காமல் வைத்த புஃபே, முதல் வந்தவைக்கும் வெட்கப்படாதவைக்கும் மட்டும்தான் சாப்பாடு போடும். கடைசி ஆளுக்கு என்ன கிடைக்கும் என்பது மேசை போட முதலே எங்கட கையில் இருக்கிற விசயம். அதைத்தான் நாங்கள் திட்டமிடுவதில்லை.

இதைச் சொன்னவுடனே "அதுதான் அந்தக் காலத்துப் பந்தி நல்லது" என்று பெரியவர்கள் தொடங்கிவிடுவார்கள். வாழையிலை, பந்தி விசாரிக்கிற மாமா, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்ற உபசாரம். எங்களுக்கும் வாழையிலைச் சாப்பாடு பிடிக்கும். ஆனால் அந்தப் பந்தியில் யார் இருந்தார்கள், யார் வெளியில் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே கதைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் சாதி முதலில் கண்ணுக்குத் தெரிவது கோயில் வாசலிலும் சாப்பாட்டு இடத்திலும்தான். 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர் பள்ளிக்கூடங்களில் சம ஆசனமும் சம போசனமும் கேட்டபோது எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் தேநீர்க் கடைக்குள் போய் எல்லாரையும் போல ஒரு கிளாசில் தேத்தண்ணி குடிக்க 1960களில் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன ஊர்வலத்தை எங்கட பாட்டன் பாட்டி காலத்து ஆட்கள் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சில வீடுகளுக்குப் போனால் மூடி உடைக்காத சோடாவை மட்டும் வாங்கிக் குடிக்கிற பழக்கம் எங்கட தலைமுறைக்கும் தெரியாத கதை இல்லை.

அந்த வகையில் புஃபே ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது என்றுதான் சொல்வோம். யார் பரிமாறினது, யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தது என்ற கேள்விகளை அது கொஞ்சம் மழுப்பிவிட்டது. எல்லாருக்கும் ஒரே கரண்டி, ஒரே வரிசை.

ஒரே வரிசையா? அதையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேணும். முதன்மை விருந்தினருக்கும் பேராசிரியர்மாருக்கும் பக்கத்து அறையில் தனி மேசை. அங்கே செலோபேன் சுற்றிய தட்டு, சோசரோடு கோப்பை, ஊற்றிக் கொடுக்க இரண்டு ஜூனியர் பெட்டையள். வெளியில் இருக்கிற 120 பேருக்குத்தான் "நீங்களே போட்டுச் சாப்பிடுங்கோ". கல்யாண மண்டபத்தில் இன்னொரு கூத்து. சோறு, பருப்பு, கத்தரிக்காய் எல்லாம் நாங்களே அள்ளலாம். கோழிக்கறிக்கு மட்டும் பின்னால் ஒருவர் அகப்பையோடு காவல் நிற்பார். அவரில் எங்களுக்குக் கோபமில்லை, கணக்குத் தவறினால் முதலாளியிடம் ஏச்சு வாங்குவது அவர்தான். ஆனால் தெரிந்த ஆள் வந்தால் அகப்பை கொஞ்சம் ஆழமாகப் போகும், அதையும் கண்டிருக்கிறோம்.

சரி, எங்கட மட்டத்தில் கோழிக்கறி எல்லாம் அபூர்வம். பின்னேர நிகழ்வுக்கு ரோல்ஸ், பற்றீஸ், கேக், பிளேன்ரீ, அவ்வளவுதான். இதில் என்ன பெரிய திட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 120 பேர் வருகிறார்கள், அதில் 24 பேர் சைவம் என்று வையுங்கள். அநேகமான குழுக்கள் 96 மீன் ரோலும் 24 மரக்கறி ரோலும் ஓடர் பண்ணும். தாளில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மச்சம் சாப்பிடுகிறவையில் நாலில் ஒருவர் "இதையும் ஒண்டு பாப்பம்" என்று ஒரு மரக்கறி ரோலைத் தூக்கினாலே 24ம் முடிஞ்சுது. அவர்கள் களவெடுக்கவில்லை, போட்டுச் சாப்பிடச் சொன்னார்கள், போட்டார்கள். பிந்தி வந்த சைவக்காரப் பிள்ளை பிளேன்ரீயோடு ஒரு மூலையில் நிற்கும். "பரவாயில்லை, எனக்குப் பசியில்லை" என்றும் சொல்லும்.

அதிலும் வெள்ளிக்கிழமை என்றால் கணக்கு அப்படியே தலைகீழ். நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் கன வீடுகளில் மச்சம் இல்லை. கந்தசஷ்டி, நவராத்திரி வேறு. ஓடர் பண்ண முதல் கலண்டரை ஒருக்கால் பார்க்க எத்தனை பேருக்குத் தோன்றுகிறது? மரக்கறி, மீன், இறைச்சி ரோல் மூன்றும் வெளியில் ஒரே நிறம் ஒரே உருவம் என்பதும் ஒரு பிரச்சினை. கடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேணும் என்றால் விரதகாரர் கடிக்கவே மாட்டார்கள். மரக்கறி ரோல் என்று சொன்னாலும் மேலே தூள் ஒட்ட முட்டை பூசியிருக்கலாம், மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரித்திருக்கலாம். கடையில் கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்கு இரண்டு நிமிசம், ஒரு மட்டையில் தமிழில் எழுதித் தட்டுக்கு முன்னால் வைக்க இன்னும் இரண்டு நிமிசம். முஸ்லிம் நண்பர்கள் கோழி எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்குவதையும் அதே மட்டை தீர்த்துவிடும்.

"எல்லாத்தையும் சைவமாக்கிவிட்டால் சோலி முடிஞ்சுது" என்று ஒரு யோசனை எங்களுக்குள் வந்தது. உடனே எதிர்ப்பும் வந்தது, வந்ததும் நல்லது. எல்லாருக்கும் பொது என்று சொல்லி வைக்கிற சைவச் சாப்பாடு யாருடைய வழக்கம்? மீனும் இறைச்சியும் அன்றாடச் சாப்பாடாக இருக்கிற வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளிடம் "பொது இடத்தில் அது வேண்டாம்" என்று சொல்கிறபோது, சுத்தம் அசுத்தம் என்ற பழைய கதை பின்கதவால் உள்ளே வந்துவிடுகிறதல்லவா? இதில் எங்கள் எல்லாருக்கும் ஒரே கருத்தில்லை. இப்போதைக்கு நாங்கள் நிற்கிற இடம் பாதிக்குப் பாதி. சைவக்காரர் ஐந்தில் ஒருவராக இருந்தாலும் மரக்கறிப் பக்கம் பாதியாக இருக்கட்டும். மச்சக்காரர் மரக்கறி சாப்பிடுவார்கள், மறுபக்கம் நடக்காது.

அடுத்தது பேச்சு. எங்கட நிகழ்வுகளில் சாப்பாட்டுக்கு ஆக ஆபத்தான விசயம் பக்டீரியா இல்லை, சிறப்புரை. இரண்டும் சேர்ந்தால் சொல்லி வேலையில்லை. சமைத்த சாப்பாட்டை அறை வெப்பநிலையில் 2 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது, சூடாக வைப்பதென்றால் 60 பாகை செல்சியசுக்கு மேல் இருக்க வேணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை அறிவுரை. ஜெனீவாவின் குளிருக்கே அப்படியென்றால், சித்திரை வெயிலில் மின்விசிறி ஓடாத மண்டபத்தைப் பற்றி யோசியுங்கோ. முட்டை சான்ட்விச் பின்னேரம் 2 மணிக்கு வந்திறங்கும். 3 மணிக்குத் தொடங்க வேண்டிய நிகழ்வு 3.45க்குத் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வாழ்த்துரை, வாழ்த்துரை, நூல் ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை. தட்டைத் திறக்க 6 மணி. மதியச் சாப்பாடு என்றால் சோறும் அதே கதைதான். ஆறவிட்ட சோற்றில் சில கிருமிகள் உண்டாக்குகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே ஓடர் கொடுக்கிற ஆளும் நிகழ்ச்சி நிரல் எழுதுகிற ஆளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வேலை செய்ய வேணும். வாழ்த்துரையில் ஒன்றைக் குறைத்தால் இன்னும் நல்லது.

இவ்வளவும் செய்தாலும் கடைசி ஆள் என்றொருவர் இருப்பார். அவர் யார் என்று பார்த்தால் எப்பவும் அதே ஆட்கள்தான். சவுண்ட்ஸ்காரர், கதிரை அடுக்குகிற பொடியள், மண்டபம் கூட்டுகிற அக்காமார், விருந்தினரின் வாகனச் சாரதி, ஆடிவிட்டு உடுப்பு மாற்றப்போன ஜூனியர்கள். அவர்கள் வரும்போது தட்டில் உடைந்த பற்றீசும் சலாட் இலையும் இருக்கும். இதைச் சின்ன விசயம் என்று நினைப்பவர்கள் வாடகை அறையில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்க வேணும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அந்த நேரத்தில் மஹாபொல மாதம் 5,000 ரூபாய், 2025 பாதீட்டில்தான் 7,500 ஆனது. முல்லைத்தீவிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து படிக்கிற சிலருக்குக் கருத்தரங்கில் கிடைக்கிற சாப்பாடு அன்றைய மதியச் சாப்பாடு. அவர்கள் முண்டியடிக்க மாட்டார்கள். பசி இருக்கிற ஆள்தான் வரிசையில் கூடக் கூச்சப்படும்.

இதற்கு மாற்றாக எங்களுக்குப் பிடித்த ஒரு முறை கிழக்கிலிருந்து வருகிறது. அக்கரைப்பற்று, ஓட்டமாவடி நண்பர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போனவர்களுக்கு சஹன் சாப்பாடு தெரியும். ஒரு பெரிய தட்டில் புரியாணியோ நெய்ச்சோறோ, மேலே கோழி, மாட்டிறைச்சி, பக்கத்தில் கத்தரிக்காய், அச்சாறு, பிறகு வட்டிலப்பம். அதைச் சுற்றிப் பெரும்பாலும் ஆறு பேர். அவரவர் தன் பக்கத்தில் இருந்து சாப்பிடுவார். அங்கேயும் யாரும் பரிமாறுவதில்லை, ஆனால் யாரும் கோழிக்குக் காவலும் நிற்பதில்லை. எதிரில் இருக்கிற ஐந்து முகமும் தெரிகிறபோது ஆறு துண்டில் மூன்றை எடுக்க யாருக்கும் கை வராது. இதை அப்படியே எங்கட மண்டபத்துக்குக் கொண்டுவர ஏலாது. ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட எல்லாருக்கும் சம்மதமில்லை, ஆண்கள் பெண்கள் தனித்தனி என்பதும் எங்களுக்குச் சரிவராது. எடுக்கக்கூடியது அந்த அளவு. 120 பேருக்கு ஒரு மேசை என்றால் அது சந்தை. எட்டுப் பேருக்கு ஒரு தட்டு என்றால் ஆளுக்காள் பார்த்து எடுப்பார்கள், "நீங்கள் சைவமே, இந்தாங்கோ" என்று தாங்களே தள்ளிவிடுவார்கள்.

தட்டு என்றவுடன் இன்னொன்று. லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரில் தடை. ஒருதரம் பாவிக்கிற பிளாஸ்டிக் கோப்பை, பிளேற், கரண்டி 2023 ஒக்டோபரிலிருந்து தடை, இடியப்பத் தட்டும் அதில் அடக்கம். அப்படியிருந்தும் நிகழ்வு முடிய மண்டபத்துக்குப் பின்னால் என்ன குவிந்து கிடக்கிறது என்று போய்ப் பாருங்கோ. சனசமூக நிலையத்தில் கேட்டால் எவர்சில்வர் தட்டும் கோப்பையும் தருவார்கள். ஆனால் அதை யார் கழுவுவது? பொடியள் மேசை தூக்குவினம், பெட்டையள் கழுவுவினம் என்பது எங்கும் எழுதாத சட்டம். அதனால்தான் சாப்பாட்டுப் பட்டியல் எழுதுகிற அதே தாளில் கழுவுகிற ஆட்களின் பெயரையும் எழுத வேணும் என்கிறோம். பெயர் இல்லாவிட்டால் அந்தத் தாள் முடியவில்லை.

எங்கட துறையின் அடுத்த நிகழ்வுக்கு இப்படித்தான் போட்டிருக்கிறோம். 15 மேசை, மேசைக்கு எட்டுப் பேர். ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு தட்டு, ஒன்றில் 12 மரக்கறி, மற்றதில் 12 மச்சம், மொத்தம் 360. நீட்டு மேசை வைத்தாலும் ஆளுக்கு மூன்று என்று இதே 360தான் வாங்கியிருப்போம், காசில் வித்தியாசமில்லை. வேலை செய்கிற 20 பேருக்கான பங்கு முதலிலேயே எடுத்து மூடி வைக்கப்படும், மிச்சத்தில் இல்லை. சாப்பாடு நன்றியுரைக்கு அரை மணித்தியாலம் முன்னர்தான் மண்டபத்துக்குள் வரும். கேக் வேணுமா வேண்டாமா என்று இரண்டு நாளாகச் சண்டை. பக்கத்து அறைத் தனி மேசை இல்லை, எல்லாரும் மண்டபத்தில்தான் என்பதில் மட்டும் ஒருவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. அதைப் பேராசிரியரிடம் யார் போய்ச் சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.