கிரெக் பண்ணிய கொம்பியூட்டரும் நமது பேணுதலும்



ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் படிக்கிற பிள்ளை இருப்பவர்களும் கடையில் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்களும் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டினால் சந்தோஷம்.

சென்ற வருடம் மூன்றாம் தவணைப் பரீட்சைக்கு நான்கு நாட்கள் இருந்தன. காலையில் அலுவலகக் கொம்பியூட்டரைப் போட்டால் ஒரு பைலும் திறபடவில்லை. எல்லாப் பைல்களின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத எழுத்துகள். நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். டொலர் அனுப்பினால் பைல்களைத் திருப்பித் தருவார்களாம்! மூன்று வருட வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல்கள், இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்கள் எல்லாம் போய்விட்டன. வேறு பிரதி எடுத்து வைத்திருக்கவும் இல்லை. இஷாவுக்குப் பிறகு பாடசாலைக்கு வந்து, இரண்டு இரவுகள் இருந்து வினாத்தாள்களைத் திரும்ப டைப் செய்தோம்.

பார்க்க வந்த தம்பி முதலில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வைரஸ் கார்டை யார் ஓப் பண்ணி வச்சது?"

நாங்கள்தான். அந்தக் கொம்பியூட்டரில் இருந்த விண்டோஸும் கிரெக், ஒபிஸும் கிரெக். கிரெக் வேலை செய்ய வேண்டுமென்றால் வைரஸ் கார்டை நிறுத்த வேண்டும். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கள்ளனைத் தேடுகிற கதை இது. இன்ஸ்டோல் பண்ணித் தந்த கடைக்காரரை நாங்கள் குறை சொல்லவில்லை. "ஒரிஜினல் போடவா?" என்று அவர் கேட்டபோது "அதெல்லாம் எதுக்கு, சும்மா போட்டுத் தாங்க" என்று சொன்னவர்கள் நாங்கள்.

இதை வகுப்பில் பேசியபோது தரம் 8 பிள்ளை ஒருவர் கேட்டார். "சேர், காசு குடுக்காம எடுக்கிறது களவுதானே? அப்ப எங்கட லெப்ல இருக்கிறது?"

பதில் சொல்ல முடியவில்லை. கடையில் வாங்கும் பிஸ்கட் பெட்டியைத் திருப்பித் திருப்பி ஹலால் சின்னம் தேடுகிற சமூகம் நாம். வட்டி கலந்துவிடுமோ என்று பயந்து சீட்டுக் காசைக்கூட விசாரிக்கிறோம். கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் அந்தப் பேணுதல் எங்கே போகிறது?

பத்வா கொடுப்பது எங்கள் வேலை அல்ல. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் 1988 ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நூலாசிரியர்களின் உரிமையும் கண்டுபிடிப்பாளர்களின் உரிமையும் ஷரீஆவில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் கைவைக்கக் கூடாது என்று தீர்மானித்தது. நமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கொம்பியூட்டர் மென்பொருளைப் பாதுகாக்கிறது. "பெரிய பெரிய கம்பனிக்காரன், அவனுக்கு எங்கட காசு எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். பணக்காரனின் தோட்டத்துத் தேங்காய் என்பதற்காக அது நமக்குச் சொந்தமாகிவிடுமா?

"அப்ப சம்பளத்தை முழுசா ஒபிஸுக்குக் கட்டவா?" என்றால், அதுவும் தேவையில்லை. காசும் கொடுக்காமல் களவும் எடுக்காமல் வேலை செய்ய ஒரு வழி இருக்கிறது. பல வருடங்களாகவே இருக்கிறது. நாம்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதுதான் கட்டற்ற மென்பொருள். இலவசம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். எழுதியவர்களே "எடுத்துப் பாவியுங்கள், மற்றவருக்குக் கொப்பி பண்ணிக் கொடுங்கள், உள்ளே திறந்து பாருங்கள், திருத்துங்கள்" என்று எழுத்தில் அனுமதி தந்தது. 1983 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் இந்த எண்ணத்தைத் தொடக்கி வைத்தார். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து பல்கலைக்கழக மாணவர் லினக்ஸை எழுதி வெளியிட்டார். நம் கையிலிருக்கும் அண்ட்ரொய்ட் போனின் அடியில் ஓடுவதும் அந்த லினக்ஸ்தான்.

இது தூரத்து வெள்ளைக்காரர்களின் விஷயம் மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையோர ஊர்களில் யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை, எந்த உதவி எங்கே போகிறது என்று தெரியாமல் தவித்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தகவல்களைத் திரட்ட நமது நாட்டு மென்பொருள் தொண்டர்கள் அவசரமாகச் சேர்ந்து எழுதியதுதான் "சஹன". சிங்களத்தில் நிவாரணம் என்று அர்த்தம். அதை அவர்கள் விற்கவில்லை. உலகத்துக்கே கட்டற்ற மென்பொருளாகக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போது அங்கும் அது பயன்பட்டது. ஸதகா ஜாரியா என்று நாம் பேசுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டுமா?

சரி, நடைமுறைக்கு வருவோம். இந்த வருடம் தொடக்கம் நாங்கள் பாவிப்பவை இவை.

1. லிப்ரே ஒபிஸ். வேர்ட், எக்ஸல், பவர்பொயின்ட் மூன்றின் வேலையையும் செய்கிறது. 2010 இல் ஓபன் ஒபிஸிலிருந்து பிரிந்து வந்தது. பைலை நேரே பீடிஎப் ஆக்கலாம். பின்னம், வர்க்கமூலம் எழுதத் தனிப் பகுதி இருப்பதால் கணித ஆசிரியர்களுக்கு மிகவும் உதவி.

2. பயர்பொக்ஸ். இணையம் பார்க்க. பெருநாள் உடுப்பு ஒன்றைத் தேடினால் பத்து நாளைக்கு அதே விளம்பரம் பின்னால் வருகிறதல்லவா? அப்படிப் பின்தொடரும் பல தளங்களை இது தானாகவே மறிக்கிறது.

3. விஎல்சி. எந்த வீடியோவும் ஓடும், விளம்பரம் இல்லை. பாரிஸில் மாணவர்கள் 1996 இல் ஆரம்பித்த வேலை இது.

4. 7-ஸிப். சிப் பைலும் ரார் பைலும் திறக்கும். "40 நாள் முடிந்துவிட்டது, காசு கட்டு" என்று ஒவ்வொரு நாளும் கேட்கிற சொப்ட்வேரை அழித்துவிடலாம்.

5. கிம்ப், இங்ஸ்கேப். முதலாவது படம் திருத்த, இரண்டாவது பெனர், சான்றிதழ் வரைய. ஹிஜ்ரி புத்தாண்டு வாழ்த்தட்டையை இங்ஸ்கேப்பில் எங்கள் மாணவிகளே செய்தார்கள்.

6. ஒடாசிட்டி, ஓபிஎஸ். பயான், கிராஅத் போட்டி, பாடசாலை விழா என்று எதைப் பதிவு செய்யவும் நேரலை போடவும் இவை இரண்டும் போதும்.

7. என்விடிஏ. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுவது. 2006 இல் இதைத் தொடங்கியவரே அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற ஒருவர். தமிழையும் வாசிக்கும். நமது ஊரில் கண் தெரியாத பிள்ளைக்கு "கொம்பியூட்டர் எதுக்கு?" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

8. லினக்ஸ் மின்ட். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுவது. விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் பொதுவாக முடிந்தன. நம் லெப்பில் கிடக்கும் பழைய மெஷின்களில் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அவற்றைப் பழைய இரும்புக்காரருக்குப் போடவா? 4 ஜிபி ரெம் இருந்தால் மின்ட் ஓடும். பென் ட்ரைவிலிருந்தே போட்டுப் பார்க்கலாம், உள்ளே ஒன்றையும் அழிக்கத் தேவையில்லை. பிடித்தால் இன்ஸ்டோல் பண்ணலாம். மூலையில் கிடந்த ஆறு மெஷின்களை இப்படி எழுப்பினோம், அல்ஹம்துலில்லாஹ்.

கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. வேர்டில் அடித்த பத்திரத்தை லிப்ரே ஒபிஸில் திறந்தால் சில வேளை அட்டவணை இடம் மாறும். அலுவலகங்களிலிருந்து வரும் சில எக்ஸல் படிவங்கள் சரியாக வேலை செய்யாது. அதற்காக அலுவலகத்தில் ஒரு மெஷினுக்கு மட்டும் ஒரிஜினல் ஒபிஸ் வாங்கினோம். பாமினியில் அடித்துப் பழகிய மூத்த ஆசிரியர்களுக்கு யுனிகோடுக்கு மாறுவது முதல் இரண்டு வாரம் தலையிடி. ஆனால் பாமினியில் அடித்தது அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோட் எங்கும் தமிழாகவே தெரியும், தேடினாலும் கிடைக்கும். கல்யாணக் கார்ட் அடித்துத் தொழில் செய்யும் தம்பிமார் போட்டோஷொப் இல்லாமல் முடியாது என்றால் அதையும் நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். உழைப்புக்கான ஆயுதம் அது. தையல் மெஷினைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி அதையும் வாங்கட்டும்.

இன்னுமொன்று. கட்டற்ற மென்பொருள் போட்டால் மட்டும் பைல் தப்பிவிடாது. அன்றைக்கு ஒரு பிரதி வேறிடத்தில் இருந்திருந்தால் எங்களுக்கு அந்த இரண்டு இரவும் மிச்சம். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் எல்லாவற்றையும் வெளி ஹாட் டிஸ்க்கில் எடுத்து, வயரைக் கழற்றி அலுமாரியில் பூட்டுகிறோம். டவுன்லோட் செய்யும்போதும் கவனம். கூகிளில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

முடிவாக மூன்று பேரிடம் மூன்று வேண்டுகோள்.

கொம்பியூட்டர் கடைக்காரச் சகோதரர்களே, "கிரெக் போடவா?" என்று கேட்பதற்கு முன் "இலவசமாக ஹலாலான ஒன்று இருக்கிறது, அதைப் போடவா?" என்று கேளுங்கள். போட்டுத் தரும் கூலியைத் தாராளமாக எடுங்கள், அது உங்கள் உழைப்பு.

பள்ளிவாசல், மத்ரஸா நிர்வாகிகளே, ஸகாத் கணக்கும் ஜனாஸாப் பதிவும் அமானிதம். அதைக் களவெடுத்த சொப்ட்வேரில் வைக்க வேண்டாம்.

பெற்றோரே, பிள்ளைக்கு லெப்டொப் வாங்கிக் கொடுக்கும் அன்றைக்கே இந்தப் பேச்சைப் பேசுங்கள். களவு கையால் மட்டும் நடப்பதில்லை என்று பிள்ளை முதலில் வீட்டில்தான் படிக்க வேண்டும்.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு எங்கள் லெப் திறந்திருக்கும். பழைய மெஷினைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம். காசு தேவையில்லை, ஒரு பென் ட்ரைவும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

அந்தத் தரம் 8 பிள்ளை போன கிழமை லெப்புக்கு வந்தார். "இப்ப இது எல்லாம் எங்கடதானா, சேர்?" என்று கேட்டார். இந்த முறை எங்களிடம் பதில் இருந்தது.