சிங்கக்குட்டி சுமந்த பழி



தேர்த்திருவிழாவில் தந்தையின் தோள்மேல் அமர்ந்து சப்பரத்தைக் கண்டு களித்த சிறுவன், முப்பது ஆண்டுகள் சென்றபின் தன் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதே தெருவில் நிற்கிறான். சப்பரமும் அதுவே, தெருவும் அதுவே. ஆனால் அவன் கண் இப்போது சப்பரத்தின்மேல் இல்லை. பிள்ளையின் கால் நழுவிவிடாதிருக்க வேண்டுமே என்பதில் இருக்கிறது. சிறுவயதில் பார்த்த திரைப்படத்தை நம் மக்களோடு மீண்டும் பார்ப்பதும் இத்தகையதே. சென்ற கோடை விடுமுறையில் யாம் கண்ட ஒரு நிகழ்ச்சி இதனை எமக்கு உணர்த்திற்று. அக்குடும்பத்தாரின் இசைவு பெற்று, பெயர்களைத் தவிர்த்து, அதனை இங்கே எழுதுகிறோம்.

உசிலம்பட்டியை அடுத்த ஒரு சிற்றூரில் எம் பங்கு மக்களைச் சந்தித்து வந்த மாலைப்பொழுது. ஒரு வீட்டில் தந்தையும், பத்து வயது மகனும், ஆறு வயது மகளும் தொலைக்காட்சியின் முன் பாய் விரித்து அமர்ந்திருந்தனர். “சரியான நேரத்துக்கு வந்தீங்க சாமி. நான் சின்னப் பையனா இருந்தப்போ மதுரையில எங்க மாமா வீட்டுல கேசட்டுல பார்த்த படம். ஒரு வார்த்தை புரியல, ஆனாலும் அழுதேன். இப்ப தமிழ்லயே பேசுது. நீங்களும் உட்காருங்க” என்றார் தந்தை. யாமும் ஒரு நாற்காலியில் அமர்ந்தோம்.

அவர்கள் பார்க்கவிருந்தது ‘தி லயன் கிங்’ என்னும் கார்ட்டூன் படம். வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1994-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ரோஜர் அல்லர்ஸ், ராப் மின்காஃப் என்னும் இருவர் இயக்கியது. 2019-இல் இதே கதையை, உண்மையான விலங்குகளே நடமாடுவன போன்று கணினியால் மீண்டும் உருவாக்கினர். எனினும் அத்தந்தை தேடி எடுத்து வைத்திருந்தது, ஓவியர்கள் கையால் வரைந்த பழைய படத்தையே.

கதை பலரும் அறிந்தது. காட்டரசன் முஃபாசா. அவன் தம்பி ஸ்கார். அரியணைக்கு அடுத்த உரிமை தனக்கே என்று காத்திருந்த தம்பியின் ஆசையில், குட்டிச் சிங்கமாகிய சிம்பா பிறந்ததும் மண் விழுகிறது. யோசேப்பு, மோசே ஆகியோரின் வரலாறுகளையும், ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தையும் மனத்திற்கொண்டு இக்கதையை அமைத்தனர் என்பர். ஆனால் பங்காளிப் பகையைப் பற்றி அறிய நம் பக்கத்து மக்களுக்கு ஷேக்ஸ்பியர் வேண்டுவதில்லை. வரப்பு ஒரு சாண் நகர்ந்தாலும், கூட்டுக் கிணற்றில் மோட்டார் போடும் முறை ஒரு நாள் தவறினாலும் என்ன நேரும் என்பதை நம் ஊர்த் திண்ணைகளே சொல்லும்.

படம் ஓடிக்கொண்டிருக்கையில் சிறுமி கேட்டாள்: “அந்தக் கறுப்புப் பிடரிச் சிங்கம் யாருப்பா?” “சிம்பாவோட சித்தப்பா” என்றார் தந்தை. சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “சித்தப்பான்னா எல்லாரும் கெட்டவங்களாப்பா?” என்றாள் குழந்தை. தந்தை விடை கூறவில்லை. அடுக்களை வாயிலில் நின்ற தாய் உள்ளே சென்றுவிட்டார். அவ்வீட்டு முற்றத்தின் நடுவே புதிதாக எழுந்திருந்த சுவரை யாம் வரும்போதே கண்டிருந்தோம்; அதன் மறுபுறத்தில் அக்குழந்தையின் சித்தப்பா குடியிருக்கிறார்.

அடுத்து வந்தது, மாட்டுக்கூட்டம் வெருண்டு பள்ளத்தாக்கில் பாய்ந்து வரும் காட்சி. ஏறத்தாழ இரண்டரை நிமிடமே நிகழும் அக்காட்சியை உருவாக்கக் கலைஞர்கள் 2 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தனர். மகனைக் காப்பாற்றப் பாய்ந்த முஃபாசாவைத் தம்பியே மலைமுகட்டிலிருந்து தள்ளிக் கொல்கிறான். அதற்கு இசையமைத்த ஹான்ஸ் ஸிம்மர், தம் ஆறாம் வயதில் தந்தையை இழந்தவர். தம் சிறுமகளை ஒரு பட வெளியீட்டு விழாவுக்கு அழைத்துச் செல்லலாம் என்ற ஆசையால் இப்பணியை ஏற்றதாகவும், எழுத எழுத அது தம் தந்தைக்கான இரங்கல் இசையாகிவிட்டதாகவும் அவரே கூறியிருக்கிறார். அவ்விசைக்கு அவருக்கு ஆஸ்கர் பரிசும் கிடைத்தது.

ஆனால் எம்மை வாட்டியது அந்தச் சாவன்று. அதற்கடுத்த சில நொடிகளே. இறந்த தந்தையின் அருகே அழுதுகொண்டிருக்கும் குட்டியிடம் ஸ்கார் வருகிறான். நீ இல்லாதிருந்தால் உன் தந்தை உயிரோடு இருந்திருப்பார் என்னும் பொருள்பட மெல்லப் பேசுகிறான். இதைக் கேட்டால் உன் தாய் என்ன நினைப்பாள் என்று அஞ்சவைத்து, ஊரைவிட்டே ஓடச் செய்கிறான். கொலையைச் செய்தது ஒருவன். பழியைச் சுமந்து ஓடுவது ஒரு குழந்தை. குருமாணவராய் இருந்த நாளில் இப்படத்தை ஒருமுறை பார்த்திருக்கிறோம். அன்று இவ்விடத்தில் எம் மனம் நிற்கவில்லை. காட்டுப்பன்றியும் கீரியும் வந்து சிரிக்கவைக்கும் இடத்தையே நினைவில் வைத்திருந்தோம்.

பத்து வயது மகனின் மனமோ இங்கேயே நின்றுவிட்டது. சிம்பா பாலைவனத்தைக் கடந்து, புதிய நண்பர்களோடு கவலையின்றி ஆடிப்பாடும்போது தங்கை கைகொட்டிச் சிரித்தாள்; அவன் சிரிக்கவில்லை. “ஏப்பா, அது நேரா அதோட அம்மாகிட்டப் போய்ச் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டான்.

“பயந்திருக்கும்டா.”

“அம்மா நம்பமாட்டாங்கன்னு நெனச்சிருக்கும்” என்றான். பின்பு, திரையைப் பார்த்தபடியே, “நம்ம ஆட்டை நான் அவுத்துவிட்ட மாதிரி” என்றான்.

தந்தைக்கு முதலில் விளங்கவில்லை. எந்த ஆடு, என்றைக்கு என்று கேட்கக் கேட்க, மெல்ல மெல்ல எல்லாம் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவன் பிடித்திருந்த வெள்ளாடு கயிற்றை உருவிக்கொண்டு சித்தப்பாவின் சோளக்கொல்லையில் மேய்ந்துவிட்டது. அன்று மாலை அண்ணன் தம்பி இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பாயிற்று. முற்றத்தில் சுவர் எழுந்தது. அப்பத்தா, இளைய மகன் வீட்டோடு போய்விட்டார். அன்றிரவு தந்தை சினம் பொங்க மகனை நோக்கி, “எல்லாம் உன்னால வந்த வினைடா” என்று கத்தியிருக்கிறார். மறுநாளே அதனை அவர் மறந்துபோனார். மகன் மறக்கவில்லை. அப்பத்தாவின் மடியில் படுத்துக் கதை கேட்டு உறங்கிய பிள்ளை, அந்த மடியைத் தானே கெடுத்துக்கொண்டதாக எண்ணி, இரண்டு ஆண்டுகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

உண்மை என்ன? அச்சகோதரரின் பூசல் ஆட்டினால் வந்ததன்று. பாகப்பிரிவினையில் கிணறு யார் பங்கில் சேரும் என்பதில், அச்சிறுவன் பிறப்பதற்கு முன்பே மூண்ட பகை அது. ஆடு சோளத்தை மேய்ந்தது, அவ்வளவே. ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த இச்செய்தி, தெரியவேண்டிய ஒரு சிறுவனுக்கு மட்டும் தெரியாமற் போயிற்று.

படம் அப்போது தன் முடிவை நெருங்கியிருந்தது. வளர்ந்து திரும்பிய சிம்பா, தாயின் முன்னிலையில், தந்தையின் சாவுக்குத் தானே காரணம் என்று ஒப்புக்கொள்கிறான். வெற்றிக்களிப்பில் ஸ்கார், கொன்றவன் நானே என்று அவன் காதோடு உண்மையைக் கூறிவிடுகிறான். அந்த ஒரு சொல்லில் பல்லாண்டுப் பழி கழன்று விழ, சிம்பா நிமிர்ந்து எழுகிறான். அவ்வீட்டில் அதைப் பார்த்தவள் சிறுமி ஒருத்தியே. தந்தை மகனைத் தம் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு, “நீ ஒண்ணும் செய்யலடா. அது பெரியவங்க சண்டை. நான் சொன்னது தப்பு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்பு எம்மைப் பார்த்து, “அந்தச் சிங்கம் சொன்னதைத்தான் சாமி நானும் சொல்லியிருக்கேன்” என்றார்.

இப்படத்தின் தமிழ் வடிவத்தைப் பற்றிய ஒரு செய்தி அப்போது எம் நினைவுக்கு வந்தது. 1994-ஆம் ஆண்டுப் படத்தின் தமிழாக்கத்தில் வளர்ந்த சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் அரவிந்த்சாமி. 2019-இல் வந்த புதிய படத்தின் தமிழாக்கத்தில் அவரே ஸ்காருக்குக் குரல் கொடுத்தார். பழி சுமந்தவனுக்காகப் பேசிய குரல், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் பழி சுமத்துபவனுக்காகப் பேசிற்று. திரையில் இது தற்செயலாய் நேர்ந்தது. வீடுகளிலோ இது அடிக்கடி நேர்கிறது. “உன்னைப் பெற்ற நேரம்”, “நீ பிறந்ததிலிருந்தே இந்த வீட்டுக்கு விடிவில்லை” என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, தான் பெற்றோனாகும்போது அதே சொற்களைத் தன் பிள்ளைமேல் வீசுகிறான். அத்தந்தையும் தம் சிறுவயதில் அத்தகைய சொற்களைக் கேட்டவர் என்பதை அன்றிரவு எம்மிடம் கூறினார்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இதற்குக் காரணம் இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா என்று வினவினர். இருவர்மேலும் பழியில்லை என்றே ஆண்டவர் மறுமொழி கூறினார். துன்பம் வந்த வீட்டில் குற்றவாளியைத் தேடுவது நம் பழைய வழக்கம். அப்படித் தேடும்போது எதிர்த்துப் பேச இயலாதவர் குழந்தைகளே. ஆகவே பழி அவர்கள்மேல் எளிதில் விழுந்துவிடுகிறது. தந்தையின் குடியும், கடன் தொல்லையும், தாயின் நோயும் தம்மால் வந்தனவே என்று நம்பும் பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்புகளில் யாம் கண்டிருக்கிறோம். அவர்களுள் பலர் அழுவதில்லை. சிம்பாவைப் போல ஆடிப்பாடித் திரிகிறார்கள். அதனால் நாமும் ஏமாந்துபோகிறோம்.

பெற்றோரே, உங்கள் இளமையில் உங்களைக் கவர்ந்த ஒரு நல்ல படத்தைத் தேடி எடுங்கள். கைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அப்பால் போகாமல், அருகே அமர்ந்து பாருங்கள். நீங்கள் சிரித்த இடத்தில் அவர்களும் சிரிக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் எங்கே மௌனமாகிறார்கள் என்று கவனியுங்கள். நடுவே கேள்வி கேட்டால் ‘பேசாமல் பார்’ என்று அடக்காதீர்கள். நீதி எது என்று உடனே விளக்கவும் முற்படாதீர்கள். அந்த மகன் தன் தந்தையிடம் நேராக வந்து தன் துயரத்தைச் சொல்லியிருக்கமாட்டான். ஒரு சிங்கக்குட்டியைக் குறித்துக் கேட்பது அவனுக்கு எளிதாயிற்று.

கிணற்று வழக்கு இன்னும் முடியவில்லை. முற்றத்துச் சுவரும் அப்படியே நிற்கிறது. ஆனால் அடுத்த ஞாயிறன்று தந்தை தம் மக்கள் இருவரையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு, சுவரைச் சுற்றித் தம்பியின் வாசலுக்குச் சென்றார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அப்பத்தா மட்டும் வெளியே வந்து பேரனை அணைத்துக்கொண்டார். உள்ளே நின்ற சித்தப்பா, சிறுமிக்கு ஒரு கொய்யாப்பழத்தை நீட்டியிருக்கிறார். தன் கேள்விக்கு அவள் பெற்ற விடை இப்போதைக்கு அதுவே.

உங்கள் வீட்டில் நீங்கள் சொல்லி மறந்துபோன சொல் ஒன்று, ஏதேனும் ஒரு சிறு நெஞ்சில் இன்னும் கிடக்கிறதா என்று இம்மாதம் எண்ணிப்பாருங்கள். இருக்குமாயின், அதை எடுத்துவிட உங்களால் மட்டுமே இயலும்.