காசிப் பயணம்: வலியும் காலமும் இடமும்

முன்னுரை

திருவள்ளுவர் பொருட்பாலில் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். 48ஆம் அதிகாரம் வலியறிதல். 49ஆம் அதிகாரம் காலமறிதல். 50ஆம் அதிகாரம் இடனறிதல். இவை பகைவரை எதிர்த்துப் புறப்படும் அரசனுக்குக் கூறப்பட்டவை. எனினும், வெளியூருக்குப் புறப்படும் ஒரு குடும்பத்துக்கும் இவை பொருந்தும். இக்காலத்தில் பெரும்பாலோர் காலத்தையும் இடத்தையும் முதலில் முடிவு செய்கின்றனர். வலிமையைப் பற்றிய எண்ணம், கால்கள் வலிக்கத் தொடங்கிய பின்னரே அவர்களுக்கு வருகிறது. வள்ளுவர் அமைத்த வரிசையே சரியானது என்பதைக் காசிக்குச் செல்வோர் நன்கு உணர்வர்.

டில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். திருநெல்வேலியிலிருந்து பாட்டி வந்திருக்கிறார். அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. முழங்கால் வலியும் உண்டு. கங்கையில் ஒருமுறையேனும் நீராட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். தேவ தீபாவளிக்குச் செல்லலாம் என்கிறார் தந்தை. கோடை விடுமுறையே வசதியானது என்கிறார் தாய். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளோ நீச்சல்குளம் உள்ள விடுதியில்தான் தங்க வேண்டும் என்கிறாள். மூவரும் பாட்டிக்காகவே பேசுகின்றனர். ஆனால், பாட்டியிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

வலியறிதல்

வருணை, அசி என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடையில் அமைந்த நகரம் வாரணாசி. இங்குக் கங்கை வடக்கு நோக்கி வளைந்து பாய்கிறது. ஆற்றின் மேற்குக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள் வரிசையாக உள்ளன. அவை கிழக்கு நோக்கியிருப்பதால் விடியற்காலையில் சூரிய ஒளி நேரே படிகளில் விழுகிறது. அக்காட்சியின் அழகைப் பலரும் புகழ்வர். அதைக் காண இறங்கி ஏற வேண்டிய படிகளின் எண்ணிக்கையைச் சொல்வோர் குறைவு. பழைய நகரத்தின் சந்துகள் மிகக் குறுகியவை. பல இடங்களில் ஊர்தி நுழைய இயலாது. பெட்டியைச் சுமந்துகொண்டு, எதிரே வரும் மாட்டுக்கும் இருசக்கர ஊர்திக்கும் ஒதுங்கி நின்றே செல்ல வேண்டும்.

ஆகவே, பயணத்தைத் திட்டமிடுவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: உடன்வருவோருள் மிகவும் முதியவர் ஒரு நாளில் எத்தனை படிகள் ஏறுவார், எவ்வளவு தொலைவு நடப்பார்? அவருடைய வலிமையே அந்தக் குடும்பத்தின் வலிமை. இந்த விடை தெரிந்தால், காலத்தையும் இடத்தையும் பற்றிய கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

காலமறிதல்

கோடையில் காசியின் வெப்பம் சில நாள்களில் 45 பாகை செல்சியஸை எட்டும். ‘லூ’ எனப்படும் அனல்காற்று நண்பகலில் வீசும், கற்படிகள் கொதிக்கும். பனாரசின் புகழ்பெற்ற ‘லங்கடா’ மாம்பழம் பழுக்கும் காலம் இதுவே என்றாலும், அதற்காக முதியவரை வெயிலில் நிறுத்துவது முறையன்று.

மழைக்காலத்தில் கங்கை பெருகும். இங்கு அபாய அளவு 71.26 மீட்டர். 1978ஆம் ஆண்டு வெள்ளத்தில் நீர்மட்டம் 73.90 மீட்டரைத் தொட்டது. பெருவெள்ளத்தின்போது படித்துறைகள் ஒன்றோடொன்று தொடர்பற்று நீரில் மூழ்கிவிடும்; படகுகள் நிறுத்தப்படும்; மாலை ஆரத்தியும் கரையிலுள்ள கட்டடத்தின் மாடிக்கு மாற்றப்படும். நீராட வந்தவர் நீரைத் தொலைவிலிருந்து பார்த்துத் திரும்ப நேரும்.

டிசம்பர், சனவரி மாதங்களில் மூடுபனி அடர்ந்திருக்கும். தொடர்வண்டிகள் பல மணி நேரம் தாமதமாக வருவதுண்டு. பனிக்காலத்தில் மட்டும் கிடைக்கும் ‘மலையோ’ என்னும் பால்நுரை இனிப்பும், ஆற்றில் கூட்டமாக இறங்கும் வெண்ணிறக் கடற்காகங்களும் குழந்தைகளை மகிழ்விக்கும். ஆனால், அதிகாலைக் குளிரில் பாட்டி கங்கையில் இறங்குவது எளிதன்று.

தீபாவளிக்குப் பதினைந்து நாள்களுக்குப் பின், கார்த்திகை மாத முழுநிலவு நாளில் தேவ தீபாவளி நடைபெறுகிறது. படித்துறைகள் முழுவதும் இலட்சக்கணக்கான அகல்விளக்குகள் ஒளிரும். வாழ்வில் ஒருமுறை காணத்தக்க காட்சி அது என்பதில் ஐயமில்லை. எனினும், அன்று படகுக் கட்டணமும் அறை வாடகையும் பன்மடங்கு உயரும். படிகளில் நிற்கவும் இடமிராது. முழங்கால் வலி உள்ள ஒருவர் அந்த நெரிசலில் விளக்குகளைவிட மற்றவர்களின் முதுகுகளையே அதிகம் காண்பார்.

இவற்றையெல்லாம் ஒப்பிட்டால், பள்ளி மாணவர் உள்ள குடும்பத்துக்குத் தசரா விடுமுறையே ஏற்ற காலம் எனலாம். அக்டோபரில் வெள்ளம் வடிந்திருக்கும், வெப்பமும் தணிந்திருக்கும். வெள்ளம் விட்டுச்சென்ற வண்டலைத் தொழிலாளர்கள் நீரைப் பீய்ச்சிக் கழுவித் தள்ளுவர். புதைந்திருந்த படிகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். ஒரு நகரம் ஆண்டுதோறும் தன்னைத் தானே மீட்டெடுக்கும் காட்சி அது. விழா நாளில் மட்டும் வருபவருக்குக் கழுவி முடித்த படிகளே தெரியும். அவற்றைக் கழுவியவர்கள் தெரியமாட்டார்கள்.

இதே பருவத்தில் மறுகரையிலுள்ள இராம்நகரில் இராம்லீலா 31 நாள்கள் நடைபெறுகிறது. ஒலிபெருக்கி இல்லாமல், மின்விளக்கு இல்லாமல், காட்சிக்குக் காட்சி இடம் மாறி நடிக்கப்படும் நாடகம் அது. மக்களும் நடிகர்களுடன் இடம்விட்டு இடம் நடந்து செல்வர். யுனெஸ்கோ நிறுவனம் 2008ஆம் ஆண்டு இராம்லீலா மரபை மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நடக்க இயலாதவர் ஒரே இடத்தில் அமர்ந்து ஒரு காட்சியை மட்டும் கண்டு திரும்பினாலும் குறையில்லை. விசயதசமி செப்டம்பர் இறுதியிலேயே வரும் ஆண்டுகளில் மட்டும், நீர்மட்டத்தைக் கேட்டறிந்த பின் புறப்படுவது நல்லது.

இடனறிதல்

கண்டோன்மெண்ட் பகுதியில் பெரிய விடுதிகள் உள்ளன. அகன்ற சாலை, மின்தூக்கி, வாயில் வரை வரும் ஊர்தி ஆகிய வசதிகள் அங்கு உண்டு. ஆனால், அங்கிருந்து தசாசுவமேதப் படித்துறை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நெரிசலில் அத்தொலைவைக் கடக்க நெடுநேரம் ஆகலாம். அங்குத் தங்குவோர் ஒரு நாளில் ஒருமுறை ஆற்றைப் பார்த்துவிட்டு வருவர். களைப்படைந்த பாட்டி, “போதும், அறைக்குப் போகலாம்” என்றால் அன்றைய காசி அத்துடன் முடிந்துவிடும்.

ஆற்றங்கரையை ஒட்டித் தங்குபவருக்கோ விடியலில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம் எனப் பலமுறை நீரருகே சென்று அமர இயலும். இடையில் ஓய்வும் கிடைக்கும். எனவே, நடக்கக்கூடிய தொலைவில் உள்ள எளிய அறை, தொலைவில் உள்ள ஆடம்பர அறையைவிடச் சிறந்தது. படிகளும் சந்துகளும் முதியவருக்குப் பெருந்தடையாக இருந்தால், சாலை வசதி அருகில் உள்ள அசிப் படித்துறைப் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம்.

தமிழர்களுக்கு இந்நகரில் நெடுநாள் தொடர்புடைய இடங்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர் கேதாரப் படித்துறையில் மடம் நிறுவினார். கோதௌலியா பகுதியில் நகரத்தார் சத்திரம் உள்ளது. அங்கிருந்து நாள்தோறும் விசுவநாதர் கோயில் வழிபாட்டுக்குரிய பொருள்கள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படுகின்றன. 1898ஆம் ஆண்டில் தந்தையை இழந்த பாரதியார், அனுமன் படித்துறையில் அத்தை வீட்டில் தங்கி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். இந்தியும் வடமொழியும் கற்றார். அனுமன் படித்துறையிலிருந்து கேதாரப் படித்துறைக்கு ஆற்றோரமாகவே நடந்து செல்லலாம். இடையில் அரிச்சந்திரப் படித்துறையின் சுடுகாடு உள்ளது. பிணங்கள் எரிவதைக் குழந்தைகள் காண நேரும் என்பதால், அதைப் பற்றிப் பெரியவர்கள் முன்னரே அமைதியாக எடுத்துரைப்பது நல்லது.

இப்பகுதியில் தங்கினால் தமிழ்ப் பேச்சு காதில் விழும். பழகிய உணவு கிடைக்கும். முதியவருக்கு அது பெரும் ஆறுதல். எனினும், தமிழ்ச் சூழலுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்புவது காசியைக் கண்டதாகாது. குமரகுருபரரும் பாரதியாரும் அந்நகரத்தின் மொழியைக் கற்று, அதன் மக்களுடன் பழகினர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மறுப்பும் விளக்கமும்

“திருவிழாவே ஒரு நகரத்தின் உண்மையான முகம். அதைக் காணாமல் வருவது வீண்” என்று சிலர் கூறுவர். இக்கருத்திலும் உண்மை உண்டு. இளைஞர்கள் தனியே செல்வதாயின் தேவ தீபாவளியைத் தேர்ந்தெடுக்கலாம். நெரிசலைத் தாங்கும் வலிமை அவர்களுக்கு உண்டு. மூன்று தலைமுறையினர் சேர்ந்து செல்லும் பயணத்துக்கு அவ்விதி பொருந்தாது.

“பயணம் என்றால் வசதி வேண்டாவா?” என்றும் சிலர் கேட்பர். வேண்டும். ஆனால், யாருடைய வசதி என்பதையும் உடன் கேட்க வேண்டும். நீச்சல்குளம் மகளுக்கு மகிழ்ச்சி தரும். பாட்டி தேடி வந்த நீர் அதுவன்று. நீச்சல்குளம் டில்லியிலும் உண்டு.

முடிவுரை

அந்தக் குடும்பத்தில் இறுதியாக மகளே பாட்டியிடம் சென்று கேட்கிறாள் எனக் கொள்ளலாம். பாட்டியின் விடை எளிமையாகவே இருக்கும்: “கூட்டம் வேண்டாம், ஆற்றுக்குப் பக்கத்தில் ஓர் அறை போதும், என்னைக் கையைப் பிடித்து இறக்கிவிட ஓர் ஆள் வேண்டும்.”

அந்த ஆளாக இருக்கும் தகுதி வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு நிரம்ப உண்டு. பாட்டிக்கு இந்தி தெரியாது. படகோட்டிக்குத் தமிழ் தெரியாது. இருவருடைய மொழியையும் அறிந்தவள் பேத்தி மட்டுமே. இன்று நீரோட்டம் எப்படியுள்ளது, எந்தப் படியில் இறங்கினால் பாசி வழுக்காது என்று படகோட்டியிடம் கேட்டு, அதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்ல அவளால் இயலும். தன் வலிமை எது என்பதை அப்போது அவள் அறிந்துகொள்வாள். காலமும் இடமும் அதன்பின் தாமே அமையும்.

சிந்தித்து எழுதுக

1. வலியறிதல் முதலில் வர வேண்டும் என்று இப்பாடம் கூறுவதற்குரிய காரணங்கள் யாவை?
2. “திருவிழாவே ஒரு நகரத்தின் உண்மையான முகம்” என்னும் கருத்தை நீ ஏற்கிறாயா? உன் விடைக்குக் காரணம் தருக.
3. நீ வாழும் நகரத்துக்கு உன் தாத்தாவோ பாட்டியோ வர விரும்பினால், எந்த மாதத்தில் வருமாறும் எங்குத் தங்குமாறும் கூறுவாய்? ஒரு கடிதமாக எழுதுக.